கட்டி உள்ளேயே இருக்கட்டும்

என் தலைக்குள் ஒரு கட்டி இருக்கிறது. இடது கண்ணுக்குப் பின்னால், மண்டை ஓட்டின் அடித்தளத்தில். பத்து வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தபோது நெல்லிக்காய் அளவு என்றார்கள். இப்போது அதைவிடக் கொஞ்சம் சிறுத்திருக்கிறது. அதை யாரும் வெட்டி எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், கல்யாண வீட்டில் மூன்று பந்திக்கு நின்று பரிமாறுகிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் செல்வி ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தாள். அவள் தங்கைக்கும் இதே மாதிரிக் கட்டி. உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்து, எனக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கிளம்பும்போது, "அக்கா, இதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீகன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கையில வச்சுக்குவோம்" என்றாள். அவளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு தாளில் அடங்கவில்லை.

என் பெயர் மாரீஸ்வரி. ஊர் திருத்தங்கல். இங்கே ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் செக்கிங் பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், தினசரி காலண்டருக்குச் சாமி படம், இவைதான் எங்கள் கம்பெனியில் ஓடும். ஒரு படம் நான்கு மையில் தனித்தனியாக அச்சாகும். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் ஓரங்கள் இரண்டு இரண்டாகத் தெரியும். 'டபுள் அடிக்குது' என்போம். டபுள் அடித்த தாளைப் பிடித்து மெஷினை நிறுத்தச் சொல்வது என் வேலை. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கட்டி தெரியவந்த வருஷம், ஐப்பசி மாதம். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. மெஷினை ஓட்டியவர் சிக்கந்தர் பாய். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் ஓட்டிய முருகன் படத்தில் இடது ஓரம் முழுக்க டபுள் அடித்திருந்தது. நிறுத்தச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்றார். நான் விடவில்லை. அவர் பிளேட்டைக் கழற்றி மறுபடி பூட்டினார். மறுபடியும் இடது ஓரம் டபுள். மூன்று நாள் இப்படியே போனது. ஒருநாள் முழு லோடையும் நான் திருப்பி அனுப்ப, முதலாளி வந்து நின்றுவிட்டார். எல்லோர் முன்னாலும் நான் பாயைப் பார்த்து, வயசாகிவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. என் மேஜையில் கிடந்த தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

"இப்பப் பாரும்மா. எங்கன டபுள் தெரியுது?"

இடது ஓரத்தைக் காட்டினேன்.

"முதல்லயும் இடது பக்கம்தான் சொன்ன. தாளைத் திருப்பிட்டா அது வலது பக்கம்ல போயிருக்கணும்?"

அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னார். இடது கண்ணைப் பொத்தினேன். முருகனின் வேல் பளிச்சென்று ஒரே வேலாக நின்றது. கையை எடுத்தேன், இரண்டாகிவிட்டது.

"மாரி, தப்பு மெஷின்ல இல்ல, தாள்ல இல்ல. நீ நாளைக்கே கண்ணைக் காட்டு" என்றார். பிறகு முதலாளியிடம் திரும்பி, அந்த லோடு நல்ல லோடு, அனுப்பிவிடலாம் என்றார். மூன்று நாள் திட்டு வாங்கியவர் சொன்னது அவ்வளவுதான்.

அப்புறம் யோசித்தபோதுதான் மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. ரோட்டைக் கடக்கையில் சில நேரம் இரண்டு பஸ் வருகிற மாதிரி இருக்கும். சீசன் அசதி என்று விட்டுவிட்டேன். என் மகள் கவிதா அப்போது ஒன்பதாம் வகுப்பு. சொந்தக்காரர் வீட்டு விசேஷ போட்டோக்களில் எல்லாம் நான் தலையை இடது பக்கம் திருப்பியே நிற்பதாக அவள் கேலி செய்துகொண்டிருந்தாள். இரண்டாகத் தெரிவதைத் தவிர்க்க, எனக்கே தெரியாமல் கழுத்து அப்படித் திரும்பியிருக்கிறது.

சிவகாசியில் கண் டாக்டர் விரலை நீட்டி, தலையை அசைக்காமல் விரலை மட்டும் பார்க்கச் சொன்னார். வலது பக்கம் இரண்டு கண்ணும் போயின. இடது பக்கம் வரும்போது இடது கண் பாதியிலேயே நின்றுவிட்டது. கண்ணில் கோளாறு இல்லை, அதை வெளிப்பக்கம் இழுக்கிற நரம்பை ஏதோ அமுக்குகிறது என்றார். பஞ்சால் இரண்டு கன்னத்தையும் தொட்டார். வலது கன்னத்தில் கூசியது. இடது பக்கம் எப்போது தொடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஏற்கெனவே தொட்டு முடித்திருந்தார்.

மதுரைக்குப் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். முதலில் ரத்தம் எடுத்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். கட்டி துலக்கமாகத் தெரிவதற்காக ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள், அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அப்புறம் ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். டமடமவென்று விதவிதமான சத்தம். வெளியே வந்ததும் அங்கிருந்த பெண், சத்தத்துக்குப் பயந்துவிட்டீர்களா என்று கேட்டாள். நாங்கள் சிவகாசிப் பக்கம் என்றேன். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ரிப்போர்ட்டைப் பார்த்த மதுரை டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளைக்கு வெளியே ஓர் உறை இருக்கிறது. அந்த உறையில் முளைக்கிற கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று பெயர். பெரும்பாலும் சாதுவானது. புற்று இல்லை, வேறு இடத்துக்குப் பரவாது, மிக மெதுவாக வளரும். சதை எடுத்துப் பார்க்காமலே ஸ்கேனில் அதன் தோற்றத்தை வைத்து ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாமாம்.

என் வீட்டுக்காரர் பாண்டி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். எதையும் நேராகக் கேட்டுவிடுவார். "சாதுவான கட்டின்னா அது எதுக்கு சார் கண்ணைப் பிடிச்சு இழுக்குது?" என்றார்.

"சாதுவான மாடுதான். ஆனா குறுகலான சந்துல படுத்துக்கிட்டா வண்டி எப்படிப் போகும்?" என்றார் டாக்டர்.

அந்தச் சந்துக்குப் பெயர் கேவர்னஸ் சைனஸ். கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்ன அறை மாதிரி இருக்கிறது. மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய், கண்ணை அசைக்கிற நரம்புகள், கன்னத்துக்கு உணர்ச்சி தருகிற நரம்பு, எல்லாம் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. என் கட்டி அங்கேதான் படுத்திருந்தது. அறுத்து முழுசாக எடுக்கப் போனால் அந்த நரம்புகளுக்கு ஆபத்து, சென்னையில் ரேடியோ சர்ஜரி செய்கிறார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று கடிதம் கொடுத்தார்.

சென்னையில் தேதி கிடைக்கப் பத்து நாள் ஆனது. இந்தப் பத்து வருஷத்திலும் மோசமான நாட்கள் அவைதான். என்ன ஆகும் என்று தெரியாத நாட்கள். நான் கவிதாவைக் கூப்பிட்டு ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது, கேஸ் புக் எங்கே, அவள் அப்பாவுக்குக் குழம்பில் புளி எவ்வளவு என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "அம்மா, நீ எதுக்கு இதையெல்லாம் எனக்குச் சொல்ற?" என்றாள். கேஸ் புக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அவளும் திரும்பக் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வாரம், பெரிய பிள்ளையாகிவிட்டோம் என்று தனியாகப் படுத்துக்கொண்டிருந்தவள் என் பக்கத்திலேயே பாயை விரித்தாள்.

சென்னைக்கு எங்களோடு ஆமத்தூரிலிருந்து என் அண்ணன் முனியசாமியும் வந்தார். பலசரக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். டாக்டர் ஒரு பெண்மணி. படத்தைப் பெரிதாக்கிக் காட்டிச் சொன்னார். ரேடியோ சர்ஜரி என்று பெயரில்தான் சர்ஜரி இருக்கிறது, கத்தி கிடையாது. மெல்லிய கதிர்களை ஏராளமான திசைகளிலிருந்து அனுப்புவார்கள். ஒவ்வொரு கதிரும் தனியாக வலுவில்லாதது, போகிற வழியில் மூளைக்குப் பெரிதாகக் கெடுதல் செய்யாது. எல்லாம் ஒன்றுகூடுகிற புள்ளியில் மட்டும் கட்டிக்குப் பலமான அடி விழும். பார்வை நரம்புக்கும் என் கட்டிக்கும் நடுவில் போதுமான இடைவெளி இருப்பதால் எனக்கு இதைச் செய்யலாம்.

"கட்டி மறைஞ்சு போகாது. அதை முதல்லயே சொல்லிடறேன். வளராம நின்னுட்டா அதுதான் நமக்கு வெற்றி. கொஞ்சம் சுருங்கினா லாபம். பெரும்பாலானவங்களுக்கு வருஷக்கணக்கா அப்படியே நிக்குது. உறுதியா எழுதித் தர முடியாது. வருஷா வருஷம் வந்து காட்டணும்."

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு எதையும் வேரோடு பிடுங்க வேண்டும். வீட்டுக்குள் பாம்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தூங்க முடியுமா, எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுங்கள் என்றார். டாக்டர் ஆபரேஷனின் ஆபத்துகளை மறுபடி சொன்னார். கண் ஒரேயடியாக அசையாமல் போகலாம், ரத்தக்குழாயில் பட்டால் பக்கவாதம் வரலாம். அண்ணன் இறங்கி வரவில்லை.

அப்போது என் வீட்டுக்காரர், "மச்சான், மழையில நனைஞ்ச சரவெடிக் கட்டைப் பாத்துருக்கீகள்ல?" என்றார். "பாத்தா பழைய உருவம் அப்படியே இருக்கும். ஆனா நமத்துப்போயி அதுபாட்டுக்குக் கிடக்கும். டாக்டரம்மா இதை நமத்துப்போக வச்சுருவேங்கிறாக. அம்புட்டுதான். இருக்கிறது இருந்துட்டுப் போகட்டும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இவ்வளவு நாள் இப்படிச் சொல்லத் தனக்குத் தோன்றவில்லையே என்றார். அண்ணனும் என் பக்கம் திரும்பி, "மாரி என்ன சொல்லுதோ அதுதான்" என்றார். நான் சரி என்றேன். முடிவெடுத்த அந்த நிமிஷமே பாதி வியாதி போன மாதிரி இருந்தது.

செலவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செல்வி முதலில் கேட்டதே அதைத்தான். அரசுக் காப்பீட்டு அட்டை ஒரு பகுதியைத் தாங்கியது. முதலாளி சம்பள முன்பணம் கொடுத்தார். பாண்டி தன் பைக்கை விற்றார். விற்ற அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, பஸ்ஸில் வந்தால் உட்கார்ந்து நாலு பேரோடு பேசிக்கொண்டு வரலாம் போல என்றார். அதற்கு மேல் அந்தப் பைக்கைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை.

சிகிச்சைக்கு முந்தைய நாள் அட்மிட் ஆனேன். முடியை மழிப்பார்களோ என்று உள்ளுக்குள் பயம் இருந்தது. யாரிடமும் கேட்க வெட்கம். நர்ஸ் வந்து தலைக்குக் குளித்துவிட்டு வாங்க என்றபோதுதான், முடியை எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தது.

மறுநாள் காலையில் தலையில் ஒரு சட்டம் பூட்டினார்கள். உலோகத்தால் ஆன சதுரம். தலை ஒரு துளியும் அசையக் கூடாது என்பதற்காக நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு என்று நான்கு திருகாணியால் இறுக்குகிறார்கள். பொய் சொல்லமாட்டேன், மரத்துப்போவதற்குப் போடுகிற ஊசி நன்றாகவே எரியும். அதன்பின் வலி இல்லை, யாரோ தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிற மாதிரி ஒரு பாரம். பத்து நிமிஷத்தில் அதுவும் பழகிவிட்டது.

சட்டத்தோடு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டாக்டர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும்வரை காத்திருக்க வேண்டும். சிகிச்சையைவிட இந்தக் காத்திருப்புதான் நீளம். காத்திருக்கிற அறையில் என்னைப் போலவே சட்டம் மாட்டிக்கொண்டு இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தார். விழுப்புரம் பக்கம் தேவகி டீச்சர். அவருக்குக் காது நரம்பில் கட்டி, அதுவும் சாதுவானதுதான். இடது காது ஏறக்குறைய கேட்காது. நான் பேசியது கேட்கவில்லை என்று அவர் என் பக்கம் சாய, நான் அவர் பக்கம் சாய, இரண்டு சட்டமும் டங்கென்று முட்டிக்கொண்டன. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. சிரித்தால் திருகாணி இழுக்கும், அதனால் சிரிக்கவும் முடியாது, அடக்கவும் முடியாது. இட்லி கொடுத்தார்கள். கை வாய்க்குப் போகிற வழியில் சட்டம் குறுக்கே நின்றது. டீச்சர் சிறு பிள்ளைக்கு ஊட்டுவதுபோலப் பக்கவாட்டில் இருந்து எனக்கு ஊட்டிவிட்டார், நான் அவருக்கு ஊட்டினேன். டீயை உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்தோம். கதவருகே நின்று பார்த்த பாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சிகிச்சை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு கட்டிலில் படுக்க வைத்து, சட்டத்தைக் கட்டிலோடு பூட்டி, மெஷினுக்குள் மெதுவாகத் தள்ளினார்கள். சூடு இல்லை, வலி இல்லை, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. என்ன பாட்டு வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அம்மன் பாட்டு என்றேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, "அம்மா, முடிஞ்சிருச்சு, எந்திரிங்க" என்று யாரோ எழுப்பியதுதான். நான் குறட்டை விட்டேனாம். வெளியில் திரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் பையன்கள் பாண்டியிடம் சொல்லிவிட்டார்கள். ஊர் முழுக்க அதை அவர் சொல்லித் தீர்த்தார்.

மறுநாளே அனுப்பிவிட்டார்கள். நெற்றியில் இரண்டு சின்னப் பிளாஸ்திரி, லேசான தலைவலி, வேறு எதுவும் இல்லை. ரயிலுக்கு நேரம் இருந்தது. பாண்டி கடற்கரைக்குக் கூட்டிப்போனார். எங்கள் இருவருக்குமே கடல் அதுதான் முதல் தடவை. எனக்குத் தூரத்துக் கப்பல்கள் எல்லாம் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. எத்தனை கப்பல் நிற்கிறது என்று அவர் கேட்டார். எட்டு என்றேன். அப்படியானால் நாலு என்றார். கால் நனைத்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டு, ரயில் ஏறினோம்.

இதில் ஒன்றை எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டும். மறுநாளே பலன் தெரியாது. முதல் ஆறு மாதம் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. எல்லாம் இரண்டாகவேதான் தெரிந்தன. ஒரு கண்ணை மறைத்தால் வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனது. இரண்டு நாள் பார்த்த சிக்கந்தர் பாய், நான் வழக்கமாகப் போடுகிற கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார். காலண்டர் அட்டைக்கு ஒட்டுகிற மங்கலான லேமினேஷன் ஷீட்டைக் கண்ணாடியின் அளவுக்கு அச்சாக வெட்டி, இடது பக்கத்தில் ஒரு குமிழி விழாமல் ஒட்டிக் கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி அழுக்கு மாதிரிதான் தெரியும். எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. நான் அவரிடம் அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். வயசாகிப்போன ஆள் செய்தது, சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள் என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை சென்னை டாக்டர் அந்தக் கண்ணாடியைக் கையில் வாங்கி, எந்தக் கடையில் செய்தது என்று கேட்டார்.

பதினோராவது மாதம். கம்பெனி விட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். மழைத் தூறல் விழுந்ததால் துடைக்கலாம் என்று கண்ணாடியைக் கழற்றினேன். பஸ் வந்தது. ஒரு பஸ். நான் இடது பக்கம், வலது பக்கம் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே பஸ்தான். ஒரு டிரைவர், ஒரு போர்டு, ஒரு நம்பர். கண்டக்டர் என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு விசில் அடித்துக் கிளம்பச் சொல்லிவிட்டார். அடுத்த பஸ்ஸும் ஒன்றாகத்தான் வந்தது. அதையும் விட்டேன். மூன்றாவது பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனபோது, தாமதமாகிவிட்டதே என்று பாண்டி தெருமுனையில் நின்றிருந்தார். ஒரு விரலைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ரோடு என்றுகூடப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று கவிதா கடைக்குப் போய் வாங்கிவந்த காராச்சேவைத் தெருவே தின்றது.

கன்னம் மட்டும் திரும்பவில்லை. இன்றைக்கும் இடது கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் தெரியாது, சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் தெரியாது. விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் பாண்டி எதிர் வரிசையில் இடம் பிடிப்பார். பருக்கை ஒட்டியிருந்தால் தன் கன்னத்தை ஒரு தடவை தடவிக்கொள்வார். நான் துடைத்துக்கொள்வேன். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக்கூடத் தெரியாது.

வருஷத்துக்கு ஒருமுறை சென்னை. தேவகி டீச்சரும் நானும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் போவோம். டாக்டர் ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தையைச் சொல்வார்: அப்படியே இருக்கிறது. முதல் இரண்டு வருஷம், குறையவில்லையே என்று ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான் 'அப்படியே' என்ற சொல்லின் ருசி தெரிந்தது. டீச்சருக்கும் அப்படியே. அவருடைய இடது காது மட்டும் சிறுகச் சிறுகக் கேட்காமலே போய்விட்டது. பின்வரிசைப் பையன்கள் சத்தம் போட்டால் அந்தக் காதை அவர்கள் பக்கம் திருப்பி நின்று பாடம் நடத்துவேன் என்பார்.

ஆறாவது வருஷம் ஒரு சோதனை வந்தது. எப்போது பார்த்தாலும் அசதி. சித்திரை வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. நம் ஊர் வெயிலில் ஒருத்தி போர்வை கேட்டால் வீட்டில் பயப்படாமல் என்ன செய்வார்கள்? கட்டி வளர்ந்துவிட்டது என்றே நினைத்தோம். சென்னை போகிற வரைக்கும் வீட்டில் டி.வி. போடவில்லை. ஸ்கேனில் கட்டி அசையாமல்தான் கிடந்தது. ஆனால் கட்டிக்குப் பக்கத்தில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பின் மற்ற சுரப்பிகளுக்கு வேலை சொல்கிற மேஸ்திரி. கதிரின் ஓரம் அதன்மேல் கொஞ்சம் பட்டிருக்கிறது. அதனால் சிலருக்கு வருஷங்கள் கழித்து அது சோர்ந்துபோகும், தைராய்டு சரியாகச் சுரக்காது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரை போட்டால் சரியாகும். மூன்று மாதத்தில் பழைய மாரியாகிவிட்டேன். அந்த மாத்திரையைத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறேன். சிகிச்சை எடுத்தவர்கள் வருஷா வருஷம் ஸ்கேனோடு இந்த ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த அசதி தீர்ந்த வருஷம்தான் ஸ்கூட்டர் வாங்கினேன். என் நாற்பத்தைந்தாவது வயசில், கவிதா பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, திருத்தங்கல் ரோட்டில் ஓட்டிப் பழகினேன். முதல் வாரம் ஒரு காய்கறி வண்டியில் இடித்தேன். அந்தப் பெரியவர் கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே கண் தெரியலையா என்று திட்டினார். நன்றாகத் தெரியுது அய்யா, ஓட்டத்தான் தெரியலை என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷம் அவருக்கு விளங்கியிருக்காது.

போன தை மாதம் பத்தாவது வருஷ ஸ்கேன். கவிதாவுக்குக் கல்யாணமாகி அவள் மதுரையில் இருக்கிறாள், அதனால் நாங்கள் இருவர் மட்டும் போனோம். டாக்டருக்கு இப்போது முடி நரைத்துவிட்டது. முதல் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கட்டி ஓரங்களில் சுருங்கியிருந்தது எனக்கே தெரிந்தது.

"இனிமே வருஷா வருஷம் அலைய வேண்டாம். மூணு வருஷம் கழிச்சு வாங்க. ரத்தப் பரிசோதனையை ஊர்லயே பார்த்துக்குங்க" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய பாண்டி எதையோ தொலைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்ன என்று டாக்டர் கேட்டார். "இல்ல, வருஷாவருஷம் இதைச் சாக்கு வச்சுத்தான் கடலைப் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டை இழுத்து, 'வருடம் ஒருமுறை கடல்' என்று மருந்துப் பட்டியலுக்குக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டு எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

மறுநாள் பகல் ரயிலில் திரும்பினோம். இந்தப் பத்து வருஷமாக ஸ்கேனுக்குப் போகும்போதும் வரும்போதும் பாண்டி ரயிலில் கண் மூடி நான் பார்த்ததில்லை. நல்ல செய்தியோடு திரும்பினாலும் அடுத்த வருஷத்தை நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருவார். அன்றைக்குச் செங்கல்பட்டு தாண்டுவதற்கு முன்னால் தூங்கிவிட்டார். விழுப்புரத்தில் தேவகி டீச்சர் பிளாட்பாரத்துக்கு வந்து முறுக்குப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனதுகூட அவருக்குத் தெரியாது. திருச்சி போனது, மதுரை போனது. விருதுநகரில் நான்தான் தோளைத் தட்டி எழுப்பினேன். அதற்குள்ளாகவா என்று விழித்தார்.

ஸ்டேஷனில் விட்டிருந்த ஸ்கூட்டரை எடுத்து வந்தேன். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. அவர் பின்னால் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மெதுவாப் போ மாரி. நமக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

பத்து வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆமத்தூர் வழியாக மெதுவாகவே போனோம்.